ஆத்தங்குடி கல் பட்டறைக்கு விளம்பரம்: புத்தகத்துலயா போன்லயா, ரெண்டு வருசக் கணக்கு

எங்க பெரியப்பா மகன் ஆத்தங்குடில கல் பட்டறை வச்சிருக்காரு. தரைக்குப் போடுற டைல்ஸத்தான் நாங்க கல்லுங்கிறோம், பூக்கல்னும் சொல்லுவோம். கண்ணாடி மேல இரும்பு பிரேம், அதுக்குள்ள டிசைன் அச்சு, அச்சோட ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட்ட கையால ஊத்தி, அச்சத் தூக்கிட்டு, மேல காஞ்ச மணலும் சிமெண்டும் தூவி, அப்பறம் ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணி, ஒரு நாள் விட்டு தண்ணித் தொட்டில முக்கி வச்சு எடுக்குறது. சூளை கிடையாது, மெசின் கிடையாது. அண்ணனையும் சேத்து ஆறு பேர்தான் வேலை. இத முதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ஆறு பேர் கைல எவ்வளவு கல் வருமோ அவ்வளவுதான் விக்க முடியும், விளம்பரத்தப் பத்தி என்ன பேசுனாலும் கடைசில அங்கதான் வந்து நிக்கும்.

நான் காரைக்குடில இருக்கேன். 1999லேருந்து 2007 வரைக்கும் ஒரு மஞ்சள் பக்கப் புத்தகத்துக்கு, அதாவது கடை, தொழில்காரங்க போன் நம்பரெல்லாம் வரிசையாப் போடுற டைரக்டரிக்கு, விளம்பரம் புடிக்கிற வேலைல இருந்தவன். 2023 மார்ச்ல அண்ணன் கூப்புட்டு, "டேய் தம்பி, கட்டட டைரக்டரிக்காரரு ரினிவலுக்கு வந்து உக்காந்திருக்காரு, ஆன்லைன்ல போடுங்கன்னு ஒரு பையன் தெனம் போன் அடிக்கிறான், ரெண்டு பக்கமும் குடுக்க நம்மகிட்ட காசு இல்ல, நீ இந்த வேலைல இருந்தவன்தான, எதுக்குக் குடுக்கலாம் சொல்லு"ன்னாரு. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. புத்தகம்னு சொன்னா நான் பழைய பாசத்துல சொல்றேன்னு எனக்கே தோணும், ஆன்லைன்னு சொன்னா ஊரே சொல்றத நானும் சொல்றதா ஆயிரும். அதுனால ஒரு வருசம் எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் போட்டுப் பாப்போம்ணே, ஆனா வர்ற ஒவ்வொரு போனையும் எழுதி வைக்கணும், அது மட்டும் தவறக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டேன். நீளவாக்கு அக்கவுண்ட் நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். போன் எடுத்தா விலை சொல்றதுக்கு முன்னாடி "எங்களை எப்படித் தெரியும்"னு கேக்கணும், பதில அப்படியே எழுதணும், ஆர்டர் ஆச்சுன்னா அதே வரில சதுர அடி எத்தனைன்னு எழுதணும். அண்ணிதான் அந்த நோட்டப் பொறுப்பா பாத்துக்கிட்டாங்க, அவங்க இல்லாட்டி இந்தக் கணக்கே கிடையாது.

மஞ்சள் பக்கம் அந்தக் காலத்துல ஏன் வேலை செஞ்சுச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி இப்ப ஏன் செய்யலைங்கிறது புரியாது. நாங்க கேன்வாஸிங் போற காலத்துல கடைக்காரங்க முதல்ல கேக்குறது, "டெலிபோன் டிபார்ட்மெண்ட் போடுற புத்தகம்தான அது, நீங்க யாரு போடுறதுக்கு"ன்னுதான். அதுக்கு எங்க மேனேஜரு ஒரு பதில் சொல்லிக் குடுத்திருந்தாரு, 1995ல டாடா பிரஸ்ஸுக்கும் எம்டிஎன்எல்ங்கிற அரசாங்க டெலிபோன் கம்பெனிக்கும் நடந்த கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, வியாபார விளம்பரமும் 19(1)(அ) பிரிவு சொல்ற பேச்சுரிமைக்குள்ள வரும், மஞ்சள் பக்கத்தத் தனியாரும் போடலாம்னு தீர்ப்பு சொல்லிருச்சுன்னு. அத மனப்பாடமா ஒப்பிப்போம். புத்தகத்தோட பலம் தீர்ப்புல இல்ல, வீட்டு லேண்ட்லைன் பக்கத்துல அது உக்காந்திருந்ததுலதான் இருந்துச்சு. பிளம்பர் வேணும்னா கை நீட்டுற தூரத்துல போனும் புத்தகமும் ஒண்ணா இருக்கும். லேண்ட்லைன் வீட்ட விட்டுப் போச்சு, கூடவே புத்தகமும் போச்சு. இங்கிலாந்துல 1966ல பிரைட்டன் ஊர்ல ஆரம்பிச்ச மஞ்சள் பக்கத்த 2019 ஜனவரில அதே பிரைட்டன்ல கடைசியா குடுத்து முடிச்சுக்கிட்டாங்க. நம்ம பக்கம் அப்படி நாள் குறிச்சு நிறுத்துனதா இல்ல, ஒரு வருசம் புத்தகம் வராது, யாரும் ஏன் வரலைன்னு கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

சரி, 2023 ஏப்ரல்லேருந்து 2024 மார்ச் வரைக்கும் முதல் வருசம். நாலு எடத்துல காசு போட்டோம். கட்டட வேலைக்குன்னு வர்ற ஒரு டைரக்டரில அரைப் பக்கம், 18,000, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 21,240. வெளியூர்ல இருக்குற ஒரு நகரத்தார் சங்கத்தோட முகவரிப் புத்தகத்துல கால் பக்கம், 6,000, ரசீதோட சரி. கடைங்க பேர நெட்டுல போட்டு, தேடுறவங்க நம்பர நமக்கு அனுப்புற ஆன்லைன் லிஸ்டிங் கம்பெனி ஒண்ணுல வருசச் சந்தா 24,000, வரியோட 28,320. கூகுள் விளம்பரம் ஒரு நாளைக்கு 300 ரூபா வீதம் 90 நாள், வரியோட 31,860. மொத்தம் 87,420. ஆறு பேர் பட்டறைக்கு இது சின்னக் காசு இல்ல, அண்ணி ஒரு நகைச் சீட்ட நிறுத்தித்தான் இத ஏற்பாடு பண்ணுனாங்க.

இந்த வரி விஷயத்த விளம்பரம் போடுற சின்னக் கடைக்காரங்க கவனிக்கணும். நியூஸ்பேப்பர்ல இடம் வாங்குனா ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். டைரக்டரியும் அச்சடிச்ச புத்தகம்தான, அதுக்கும் 5 தான்னு நாம நெனப்போம், ஆனா சட்டத்துல பிரிண்ட் மீடியான்னு சொல்ற எடத்துலயே பிசினஸ் டைரக்டரி, எல்லோ பேஜஸ், டிரேட் கேட்டலாக் இதெல்லாம் சேராதுன்னு வச்சிருக்காங்க, அதுனால டைரக்டரிக்கு 18. ஆன்லைனுக்கும் 18. அண்ணன் அப்ப ஜிஎஸ்டில சின்ன வியாபாரிகளுக்குன்னு இருக்குற காம்போசிஷன் திட்டத்துல இருந்தாரு, குடுத்த வரி எதுவும் திரும்பி வராது, முழுக்கக் கைக் காசு. ஏஜெண்ட் சொல்ற ரேட்ட வச்சுக் கணக்குப் போடாம வரியச் சேத்துதான் போடணும்.

கட்டட டைரக்டரிய முதல்ல முடிச்சிர்றேன், சொல்றதுக்கு ரொம்ப இல்ல. வருசம் முழுக்க 11 போன். அதுல 7 பேர் நம்மகிட்ட விக்க வந்தவங்க, ஆக்சைடு பவுடர், வெள்ளை சிமெண்ட், வெப்சைட் போட்டுத் தர்றேன், இன்னொரு டைரக்டரில போடுங்கன்னு. மிச்சம் 4, அதுல ஒண்ணு ஆர்டர், 640 சதுர அடி. கூடவே ஒரு கொடுமை நடந்துச்சு. பழைய பதிப்புல இருந்த மேட்டர அப்படியே எடுத்துப் போட்டதுல, நாங்க எப்பவோ சரண்டர் பண்ணுன 04565 லேண்ட்லைன் நம்பர் பெருசாவும் செல் நம்பர் ஓரத்துல பொடி எழுத்துலயும் வந்துருச்சு. அச்சடிக்குறதுக்கு முன்னாடி சரி பாக்குற புரூஃப் கேட்டோம், அனுப்பல. அச்சானது அச்சானதுதான், அடுத்த பதிப்பு வரைக்கும் அந்தச் செத்த நம்பர்தான் நம்ம பேர்ல நிக்கும். நான் இந்த வேலைல இருந்தப்ப ஒவ்வொரு விளம்பரத்துக்கும் புரூஃப்ல கடைக்காரர் கையெழுத்து வாங்காம பிரஸ்ஸுக்கு அனுப்ப மாட்டோம், அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

சங்கப் புத்தகம் வேற கதை.

நகரத்தார் சமூகத்துல நிறையப் பேர் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், மலேசியான்னு இருக்காங்க, ஆனா பூர்வீக வீடு இங்கதான், கானாடுகாத்தான்ல, பள்ளத்தூர்ல, கோட்டையூர்ல, தேவகோட்டைல. கல்யாணம், சாந்தி, படைப்புன்னா எல்லாரும் அந்த வீட்டுக்குத்தான் வருவாங்க. வீட்டுல முகப்பு, நடு முத்தமும் அதச் சுத்துன எடமுமான வளவு, அதுக்குப் பின்னால இரண்டாங்கட்டுன்னு எங்க பாத்தாலும் தரைல கல். எழுபது எண்பது வருசம் ஆன கல்லு அங்கங்க உடைஞ்சிருக்கும், அத மாத்தணும்னா அதே பூ, அதே கலர் வேணும். புதுசா வீடு கட்டுறவர் எந்தப் பூவா இருந்தாலும் வாங்குவாரு, இவங்களுக்கு அது முடியாது.

ஒரு நாள் மத்தியானம் சென்னைலேருந்து ஒரு ஆச்சி பேசுனாங்க. எண்பது வயசு இருக்கும். "தம்பி, சங்கத்துப் புத்தகத்துல ஒங்க நம்பரப் பாத்தேன், தேவகோட்டை வீட்டுல வளவுல அறுபது கல்லு போச்சு, தை மாசம் பேத்தி கல்யாணம், அதே மாதிரி கிடைக்குமா"ன்னு கேட்டாங்க. போட்டோ அனுப்புங்க ஆச்சின்னு அண்ணன் சொல்ல, பேரன் மூலமா வாட்ஸ்அப்ல அனுப்புனாங்க. அந்தப் பூ எங்ககிட்ட இல்ல. அண்ணன் நேர்ல தேவகோட்டை போயி, உடைஞ்ச கல்லுல ரெண்ட எடுத்துட்டு வந்து, அத அளந்து புது அச்சு அடிக்கச் சொல்லி, கலர் மட்டும் நாலு தடவை ஊத்திக் காய வச்சு காய வச்சுப் பாத்தாரு, ஏன்னா பழைய செவப்பு எண்பது வருசம் ஆளுங்க நடந்து நடந்து இறங்கியிருக்கும், புதுச் செவப்ப பக்கத்துல வச்சா கண்ண உறுத்தும். அறுபது கல்லுக்கு அச்சுச் செலவு கூட நிக்காது. ஆனா கல்யாணத்துக்கு வந்தவங்க அத்தன பேரும் அந்த வளவுலதான உக்காந்து சாப்புட்டாங்க, அதுலேருந்து ரெண்டு வீடு வந்துச்சு, ஒண்ணு பள்ளத்தூர்ல இரண்டாங்கட்டு முழுசும்.

சங்கப் புத்தகத்துலேருந்து வருசத்துக்கு மொத்தமே 9 போன்தான். அதுல 5 ஆர்டர், எல்லாம் சேத்து 4,300 சதுர அடி. போட்ட 6,000 ரூபாய வகுத்துப் பாத்தா சதுர அடிக்கு ஒண்ணே கால் ஒண்ணரை ரூபா. நோட்டுல இத அண்ணி கூட்டிக் காமிச்சப்ப நான் ரெண்டாவது தடவை கூட்டிப் பாத்தேன். போன் எண்ணிக்கைய மட்டும் எழுதிருந்தோம்னா இந்தப் புத்தகத்ததான் முதல்ல நிறுத்திருப்போம்.

ஏன்னா லிஸ்டிங் கம்பெனிலேருந்து வந்தது 143 லீடு, அதாவது வாங்க விசாரிச்சாங்கன்னு அவங்க அனுப்புன நம்பர். மொபைல்ல டிங் டிங்னு வந்துகிட்டே இருக்கும், பாக்க வியாபாரம் அமோகமா நடக்குற மாதிரி இருக்கும். அண்ணன் கைல சிமெண்ட்டோட வேலை பாத்துக்கிட்டு இருப்பாரு, கை கழுவி, தொடச்சு, போன எடுத்துப் பேசுனா அந்தப் பக்கம் "நான் டைல்ஸ் கேக்கவே இல்லையே"ம்பாங்க, இல்ல "ஏற்கனவே அஞ்சு பேர் பேசிட்டாங்க, உங்க ரேட்டு என்ன"ம்பாங்க. ஒரே ஆளோட நம்பர அஞ்சாறு பட்டறைக்கு ஒரே நேரத்துல அனுப்புறாங்கன்னு நாங்க ரெண்டு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டோம். 143ல எடுத்து ஒழுங்காப் பேசுனவங்க 38, ஆர்டர் 2, சதுர அடி 350. சதுர அடிக்கு 80 ரூபாய்க்கு மேல விளம்பரச் செலவு. எல்லாம் போக எங்களுக்கு நிக்கிறது சதுர அடிக்கு 18 ரூபாதான். கணக்கு அங்கயே முடிஞ்சு போச்சு. இதுல காச விட பெரிய நஷ்டம் அண்ணனோட நேரம், அவரு கல் ஊத்துறத நிறுத்திட்டுப் பேசுன ஒவ்வொரு போனுக்கும் தொட்டில நாலு கல் கொறையும்.

கூகுள் விளம்பரத்துல நடந்தத விரிவாச் சொல்றேன், பக்கத்துப் பட்டறைக்காரங்களும் இதே எடத்துலதான் காச விட்டுருக்காங்க. போட்டுக் குடுத்தது எங்க சொந்தக்காரப் பையன், நல்ல பையன், ஆனா அவனும் அப்பத்தான் கத்துக்கிட்டு இருந்தான். ஆத்தங்குடி, ஆத்தங்குடி டைல்ஸ், செட்டிநாடு டைல்ஸ்னு கீவேர்ட், அதாவது எதத் தேடுனா நம்ம விளம்பரம் வரணுமோ அந்த வார்த்தைய, போட்டு, தமிழ்நாடுன்னு லொகேஷன் குடுத்து ஓட விட்டுட்டோம். முதல் 20 நாள்ல கிளிக் பொத்துக்கிட்டு வருது, போன் வரல. அப்பறம் உக்காந்து, ஆளுங்க உண்மையிலயே என்ன தேடிட்டு நம்ம விளம்பரத்த அமுக்குனாங்கங்கிற லிஸ்ட்ட எடுத்துப் பாத்தோம். ஆத்தங்குடி அரண்மனை டிக்கெட் எவ்வளவு, ஆத்தங்குடி அரண்மனை எத்தன மணிக்குத் தெறக்கும், செட்டிநாடு ஒரு நாள் டூர், டைல்ஸ் டிசைன் ஸ்டிக்கர், டைல்ஸ் வால்பேப்பர், கோலம் டிசைன் பிடிஎஃப். லட்சுமி ஹவுஸ்ங்கிற அந்த அரண்மனையப் பாக்க வர்றவங்களுக்கு நாம காசு குடுத்து வழி காட்டிருக்கோம். கீவேர்ட பிராட் மேட்ச்சுல விட்டா பக்கத்துப் பக்கத்து அர்த்தத்துக்கெல்லாம் விளம்பரம் போகும், அத, நாம குடுத்த வார்த்தையோட அர்த்தம் தேடல்ல இருந்தாத்தான் காட்டுற ஃப்ரேஸ் மேட்ச்சுக்கு மாத்தி, அரண்மனை, டிக்கெட், டூர், ஸ்டிக்கர், வால்பேப்பர், வேலைவாய்ப்பு எல்லாத்தையும், இத தேடுனா காட்டாதன்னு சொல்ற நெகட்டிவ் கீவேர்டுல போட்டோம்.

இன்னொண்ணு லொகேஷன். தமிழ்நாடுன்னு குடுத்தாச்சே, தமிழ்நாட்டுல இருக்குறவங்களுக்குத்தான காட்டும்னு நெனச்சோம். அப்படி இல்ல, அந்த செட்டிங் தானா இருக்குறபடி விட்டா தமிழ்நாட்டுல இருக்குறவங்களுக்கும் காட்டும், தமிழ்நாட்டு மேல ஆர்வம் காட்டுற வெளியூர்க்காரங்களுக்கும் காட்டும். டெல்லில உக்காந்து செட்டிநாடு டூருக்குப் பிளான் போடுறவருக்கும் நம்ம பூக்கல் விளம்பரம் போயிருக்கு. அந்த எடத்துல உள்ள ஆளுங்களுக்கு மட்டும்னு மாத்துற ஆப்ஷன் உள்ள இருக்கு, நாங்கதான் தெறந்து பாக்கல.

இதெல்லாம் சரி பண்ணதுக்கு அப்பறமும் ஒரு இடி வந்துச்சு, அது விளம்பரத்துக்கு சம்பந்தமே இல்லாத எடத்துலேருந்து. பெங்களூர்ல வீடு கட்டுற ஒருத்தர், காரைக்குடிக்கு வந்தப்ப நம்ம விளம்பரத்தப் பாத்திருக்காரு, 1,100 சதுர அடி கேட்டாரு, ரேட்டு ஒத்துக்கிட்டாரு, அட்வான்ஸ் போடவா, பில் வேணும்னு கேட்டாரு. அண்ணன் சந்தோசமா ஆடிட்டருக்குப் போன் பண்ணா அவரு, காம்போசிஷன்ல இருந்துக்கிட்டு வெளி மாநிலத்துக்குச் சரக்கு விக்கவே முடியாதுன்னுட்டாரு. 50,000 ரூபாய்க்கு மேல சரக்குன்னா சரக்கு லாரில போறதுக்கு ஆன்லைன்ல எடுக்குற ஈ-வே பில் வேற போடணும், பில்லு இல்லாம லாரி ஏத்துற பேச்சே கிடையாது. அந்த ஆர்டர விட்டுட்டோம். அண்ணன் அன்னிக்கு ராத்திரி சாப்புடல. ஆன்லைன்ல போடுங்கன்னு சொல்ற யாரும் இத நம்மகிட்ட சொல்றதில்ல. உலகமே உங்க கஸ்டமருங்கறாங்க, ஆனா நம்ம ஜிஎஸ்டி பதிவு எந்த எல்லை வரைக்கும் விக்க விடுதோ அந்த எல்லை வரைக்கும்தான் நமக்குக் கஸ்டமர். விளம்பரத்துக்குக் காசு கட்டுறதுக்கு முந்தி ஆடிட்டர்கிட்ட அரை மணி நேரம் உக்காரணும், இத நான் கெஞ்சியே கேட்டுக்குறேன்.

முதல் வருசம் கூகுள் விளம்பரத்துல மொத்தம் 96 போனும் வாட்ஸ்அப்பும், 6 ஆர்டர், 2,150 சதுர அடி. சதுர அடிக்கு 15 ரூபா கிட்ட வருது, 18ல 15 போனா மிச்சம் 3. ஓடுச்சுன்னும் சொல்ல முடியாது, ஓடலன்னும் சொல்ல முடியாது.

இதுக்கெல்லாம் நடுவுல காசே குடுக்காத ஒண்ணு இருந்துச்சு, கூகுள் மேப்ல நம்ம பட்டறையோட பக்கம். முன்னாடி மை பிசினஸ்னு இருந்து 2021 கடைசில பிசினஸ் ப்ரொஃபைல்னு பேர் மாத்துனாங்களே அதுதான். அதுல நாங்க செஞ்ச தப்பு, மேப்ல எடத்தக் காட்டுற குறிய (பின்) பட்டறைல வைக்காம ஊருக்குள்ள வீட்டுல வச்சிருந்தோம், வந்தவங்க வீட்டு வாசல்ல நின்னு தேடுனாங்க. அத மாத்தி, போர்டு, பட்டறை, கல் ஊத்துற எடம் எல்லாத்தையும் வீடியோ எடுத்துக் காமிச்சு வெரிஃபிகேஷன் முடிச்சோம். அப்பறம் போட்டோ. முதல்ல ஒத்தக் கல்ல மட்டும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தோம், அழகாத்தான் இருக்கும், ஆனா வாங்குறவருக்கு அதுல ஒண்ணும் தெரியாது. போட்டோகிராபர கூட்டிட்டுப் போயி, நாங்க கல் போட்ட வீடுகள்ல, முகப்புல காலை வெயில் விழுகுறப்ப, வளவுல மழை பேஞ்சு தரை நனைஞ்சிருக்குறப்ப, ஒரு ஆள் கால் தெரியுற மாதிரி, அளவு புரியுற மாதிரி எடுத்தோம். கீழ எழுதுனோம், 8 இஞ்ச் கல்லுன்னா சதுர அடிக்கு ரெண்டே கால் கல்லு, 10 இஞ்ச்சுன்னா 1.44, 12 இஞ்ச்சுன்னா ஒண்ணு, லாரில வைக்கோல் வச்சு ஏத்துவோம், உடையுறதுக்குச் சேத்து வாங்குங்க, போட்டதுக்கு அப்பறம் மெசின் பாலிஷ் போடக் கூடாதுன்னு. அதுக்கு அப்பறம் வந்த போனே வேற மாதிரி இருந்துச்சு. "எங்க ஹால் 320 சதுர அடி, 10 இஞ்ச்ல 461 கல்லு வருது, உடையுறதுக்குச் சேத்து 490 குடுங்க"ன்னு கணக்கோட பேசுறாங்க. அந்தப் பக்கத்துலேருந்து 71 போன், 9 ஆர்டர், 3,900 சதுர அடி, செலவு போட்டோகிராபருக்குக் குடுத்த 12,000 மட்டும்.

நோட்டுல இன்னொரு பெரிய வரி இருக்கு, அதுக்கு எந்த விளம்பரமும் கிடையாது: கொத்தனார், இன்ஜினியர், பழைய வீட்டுக்காரங்க சொல்லி வந்தது. 14,000 சதுர அடி. மத்த எல்லாத்தையும் கூட்டுனாலும் இதுக்குக் கீழதான். சுத்துப்பட்டு ஊர்ல வீடு கட்டுறவர் எந்தப் புத்தகத்தையும் பாக்குறதில்ல, எந்தப் போன்லயும் தேடுறதில்ல, கல் பதிக்கிற கொத்தனார்கிட்ட "எங்கண்ணே வாங்கலாம்"னு கேப்பாரு, அவரு கை காட்டுற பட்டறைக்கு வருவாரு. ஆத்தங்குடி கல்லு பதிக்கிறது எல்லாக் கொத்தனாருக்கும் வராது, மட்டம் கொஞ்சம் தப்புனாலும் அப்பறம் மெசின வச்சுத் தேச்சுச் சரி பண்ண முடியாது, மேல இருக்குற கலர் போயிரும். அதுனால பதிக்கத் தெரிஞ்ச கொத்தனாரோட வார்த்தைக்குத்தான் மதிப்பு. உள்ளூர் ஆளுங்களப் புடிக்க விளம்பரத்துக்குச் செலவு பண்றது வீண்ங்கிறத முதல் வருசத்துலயே முடிவு பண்ணிட்டோம்.

எந்த வழியா வந்தாங்கன்னு எழுதுறதுல ஒரு சிக்கல் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. நிறையப் பேர் ரெண்டு மூணு வழியா வர்றாங்க. சங்கப் புத்தகத்துல பேரப் பாத்துட்டு, மகன்கிட்ட சொல்லி மேப்ல தேடி, போட்டோவும் ரிவியூவும் பாத்துட்டு, மேப்ல இருக்குற நம்பருக்கு அடிப்பாங்க. கேட்டா "கூகுள்ல பாத்தோம்"பாங்க. அண்ணி கெட்டிக்காரங்க, "அதுக்கு முன்னாடி யாராச்சும் சொன்னாங்களா"ன்னு ரெண்டாவது கேள்வி ஒண்ணு சேத்துக்கிட்டாங்க. ரெண்டும்னு ஒரு தனிப் பத்தி போட்டாங்க. அதுல வந்த ஆளுங்கதான் விலை ரொம்பப் பேரம் பேசாம வாங்குறாங்கன்னு அண்ணி சொல்லுவாங்க, எனக்கும் அது சரின்னுதான் படுது. அச்சுல பேர் இருந்தா இவன் ஓடிப் போற ஆள் இல்லன்னு ஒரு நம்பிக்கை, போன்ல போட்டோ இருந்தா வேலை எப்படின்னு ஒரு தெளிவு.

ரெண்டாவது வருசம், 2024 ஏப்ரல்லேருந்து. கட்டட டைரக்டரியும் லிஸ்டிங் கம்பெனியும் நிறுத்தியாச்சு. ஆடிட்டர் பேச்சக் கேட்டு ரெகுலர் ஜிஎஸ்டிக்கு மாறிட்டோம், மாசாமாசம் ரிட்டர்ன் வேலை கூடிருச்சு, ஆனா பெங்களூருக்கும் கொச்சிக்கும் பில் போடலாம், விளம்பரத்துக்குக் கட்டுற 18 சதவீதத்தயும் கழிச்சுக்கலாம். கூகுள் விளம்பரத்த வருசம் முழுக்க ஓட்டாம ரெண்டு தடவை, ஆறு ஆறு வாரம் மட்டும் ஓட்டுனோம். எப்பன்னு முடிவு பண்ணது அண்ணன்தான், இதுல என் புத்திசாலித்தனம் ஒண்ணும் இல்ல. கிரகப்பிரவேசம் தை, வைகாசி, ஆவணில வரும், கல்லு பதிக்கிறது வீட்டு வேலைல கிட்டத்தட்ட கடைசி, அதுனால அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி ஆளுங்க தேட ஆரம்பிப்பாங்க. அதே நேரத்துல ஐப்பசி கார்த்திகைல அடைமழை, கல்லு காயாது, அப்ப விளம்பரம் போட்டு ஆர்டர் புடிச்சா சொன்ன தேதிக்குக் குடுக்க முடியாது. முதல் வருசம் அப்படித்தான் ஒரு மதுரைக்காரருக்கு 20 நாள் லேட்டாக் குடுத்து அவரு வருத்தத்தோட ரிவியூ எழுதுனாரு, அவரு எழுதுனது நியாயம், நாங்களும் அங்கயே மன்னிப்புக் கேட்டு எழுதுனோம். இப்ப மழை மாசத்துல விளம்பரம் ஆஃப். தொட்டிலயும் வெயில்லயும் எடம் இருக்குறப்பத்தான் விளம்பரம்.

84 நாள், ஒரு நாளைக்கு 250, வரியோட 24,780. வந்த சதுர அடி 4,100. ஆறு ரூபா சொச்சம், அதுலயும் வரி கழியும். முதல் வருசத்த விடப் போன் கம்மி, 58 தான். கொறைஞ்சதுல அண்ணனுக்கு ரொம்ப நிம்மதி.

சங்கப் புத்தகத்துல கால் பக்கத்த அரைப் பக்கம் ஆக்குனோம், 12,000. மேட்டர நான்தான் எழுதுனேன். "தரமான டைல்ஸ், நியாயமான விலை" மாதிரி எல்லாரும் போடுறத எடுத்துட்டு, பழைய வீடுகள்ல பாத்து நாங்க அச்சு அடிச்சு வச்சிருக்குற ஆறு பூவ வரிசையாப் போட்டு, "உங்க வீட்டு வளவுல இருக்குறது இதுல இல்லைன்னா உடைஞ்ச கல்லு ஒண்ணு அனுப்புங்க"ன்னு ஒரு வரி. கீழ செல் நம்பர், வயசானவங்க கண்ணாடி இல்லாமப் படிக்கிற அளவுக்குப் பெருசா. பக்கத்துல ஒரு கியூஆர் கோடு, பேரன் பேத்திக்கு, அத ஸ்கேன் பண்ணா நேரா வாட்ஸ்அப்ல பட்டறை நம்பர் தெறக்கும். இந்தத் தடவை புரூஃப் வந்துச்சு, அண்ணி பேனாவ வச்சு நம்பர ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டாங்க. 2025 மார்ச் வரைக்கும் 14 போன், 8 ஆர்டர், 6,700 சதுர அடி. ஒரு கவர் மட்டும் போனே இல்லாம தபால்ல வந்துச்சு, உள்ள துணில சுத்துன உடைஞ்ச கல்லு, பச்சையும் மஞ்சளும், ஒரு கோட்டையூர் விலாசம்.

இப்ப சங்கத்துல அடுத்த பதிப்ப புத்தகமா அடிக்கிறதா, இல்ல போன் ஆப்பா (app) மட்டும் போட்டா செலவு மிச்சமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க. சங்கத்துக் கமிட்டில இருக்குற ஒரு அண்ணன் எனக்குப் போன் பண்ணி, நீங்க அச்சு வேலைல இருந்தவராச்சே, என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாரு. ஆப்பு கட்டாயம் போடுங்கண்ணே, பிள்ளைக அதுலதான் பாப்பாங்க, ஆனா வீட்டுக்கு என்ன வேலை செய்யணும்னு முடிவு பண்றது இன்னமும் ஆச்சிகதான், அவங்க கைல புத்தகம் இருக்கணும், எழுத்த மட்டும் ரெண்டு பாயிண்ட் பெருசு பண்ணுங்கன்னேன். எங்க அண்ணன் பக்கத்துலேருந்து போன வாங்கி, "புத்தகமா வந்தா எனக்கு முழுப் பக்கம், ஆப்பு மட்டும்னா பழைய கால் பக்கக் காசுதான்ணே"ன்னு சொல்லிட்டு மறுபடி கண்ணாடியத் தொடைக்கப் போயிட்டாரு.